கடைக்கொரு காப்பியா? ஒரே சாஃப்ட்வேராக்க அக்காவின் 12 டிப்ஸ்

தங்கச்சி, கம்பெனியின் பில்லிங் சாஃப்ட்வேர் பொறுப்பு முழுக்க உன் கைக்கு வந்துவிட்டது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். கூடவே நீ சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ஜவுளிக்கடைக்கு ஒரு காப்பி, மருந்துக்கடைக்கு ஒரு காப்பி, நகைக்கடைக்கு ஒரு காப்பி. அதற்குள்ளும் பெரிய கடை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காப்பி. எல்லாம் ஒரு காலத்தில் ஒரே சோர்ஸ் கோடாக இருந்து பிரிந்தவை.

இதன் விலை என்ன என்பதை 2025 செப்டம்பர் 22 காட்டிவிட்டது. அன்றைக்கு ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீதப் படிகள் பெரும்பாலும் போய், 5 சதவீதமும் 18 சதவீதமும் நின்றன. ஆயத்த ஆடையில் 1,000 ரூபாய்க்கு இருந்த எல்லைக்கோடு 2,500 ரூபாய்க்குப் போனது; அதைத் தாண்டினால் 18. மருந்துகள் பெரும்பாலும் 12-லிருந்து 5-க்கு இறங்கின. சாஃப்ட்வேர் ஒன்றாக இருந்த இடத்தில் அது ஒரு மாற்றம், ஒரு சோதனை, ஒரு ரிலீஸ். காப்பிகள் இருந்த இடத்தில் அதே வேலையைக் காப்பிக்கு ஒரு முறை செய்தார்கள். ஒன்றில் விட்டுப்போனாலும் தப்பான பில்லோடு வாடிக்கையாளர் முன்னால் நிற்பது கடைக்காரர்தான்.

ஒரே அடித்தளம், அதன் மேல் தேவைக்கேற்ற ஃபீச்சர்கள் என்று சாஃப்ட்வேர் குடும்பத்தை அமைப்பதைப் புராடக்ட் லைன் என்கிறார்கள். நிரல்களைக் குடும்பமாக யோசிக்க வேண்டும் என்று டேவிட் பார்னஸ் 1976-லேயே எழுதினார். பிரிந்து கிடக்கும் காப்பிகளை அப்படி ஒன்றாக்குவது முடிகிற வேலை. வரிசை தப்பாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த வரிசை இதோ.

1. முதலில் புதுக் காப்பி எடுப்பதை நிறுத்து

காப்பி எடுத்தவர்களைக் குறை சொல்லாதே. அவசரமாக ஒரு கடைக்கு வேலை முடிய வேண்டும், மற்ற கடைகளுக்கு எதுவும் கெடக்கூடாது என்றால் ஃபோல்டரைக் காப்பி எடுப்பதுதான் வேகமான வழி. பெரிய நிறுவனங்களும் தெரிந்தேதான் இதைச் செய்கின்றன. முதல் இரண்டு கடைகளுக்கு அது லாபம்தான். கடைகள் பெருகப் பெருக, ஒவ்வொரு திருத்தத்தையும் எத்தனை இடத்தில் செய்தோம் என்ற கணக்கு அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

அதனால் இன்று ஒரு தேதி குறி. அதற்குப் பிறகு வரும் கடைக்கு, இருக்கும் காப்பிகளில் நல்ல நிலையில் இருக்கும் ஒன்றையே கொடு. அந்தக் கடை கேட்கும் மாற்றத்தையும் அதே கோடுக்குள், செட்டிங் மூலம் திறந்து மூடும்படி எழுது. வீட்டில் தண்ணீர் நிறைந்துகொண்டே இருக்கும்போது குழாயை மூடாமல் துடைப்பத்தைத் தேடக்கூடாது, கண்ணு.

2. எது எங்கே ஓடுகிறது என்று பட்டியல் போடு

உன் சர்வரில் இருக்கும் கோடும், கடையில் ஓடும் சாஃப்ட்வேரும் ஒன்றுதான் என்று நம்பிவிடாதே. கடைக்கு நேரில் போன ஒருவர் தன் லேப்டாப்பிலேயே திருத்தி, அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பார். அந்தத் திருத்தம் வேறெங்கும் இருக்காது.

கடை வாரியாக எழுது: எந்தக் காப்பி, எந்தத் தேதியில் கட்டப்பட்டது, டேட்டாபேஸ் அமைப்பு எது, பில் அச்சு வடிவம் எது, எந்த பிரிண்டர், எந்தத் தராசு அல்லது பார்கோடு கருவி இணைந்திருக்கிறது, கடைசியாக யார் தொட்டார்கள். உன்னிடம் உள்ள கோடிலிருந்து மறுபடி பில்ட் செய்து, கடையில் ஓடுவதும் அதுவும் ஒரே பில்லுக்கு ஒரே விடை தருகின்றனவா என்று பார். தராவிட்டால், காணாமல் போன அந்தத் திருத்தத்தைத் தேடிப் பிடித்த பிறகுதான் அடுத்த அடி.

3. எல்லாவற்றையும் ஒரே கிட் ரெப்போவுக்குள் கொண்டு வா

காப்பிகள் எந்தப் பழைய வடிவத்திலிருந்து பிரிந்தன என்று கண்டுபிடி. பழைய பேக்கப், பழைய சிடி, மின்னஞ்சலில் அனுப்பிய ஜிப் ஃபைல் எதுவானாலும் உதவும். அந்த மூதாதை வடிவத்தை முதல் கமிட்டாகப் போட்டு, ஒவ்வொரு காப்பியையும் அதிலிருந்து கிளம்பும் பிராஞ்சாக வை. அப்போதுதான் மெர்ஜ் செய்யும்போது, இந்த வரியை மாற்றியது யார், மாற்றாமல் விட்டது யார் என்று கிட் தானாகவே பிரித்துச் சொல்லும். மூதாதை இல்லாமல் இரண்டு காப்பிகளை ஒப்பிட்டால் வேறுபாடு மட்டும்தான் தெரியும். மாறியது எந்தப் பக்கம் என்று தெரியாது.

ஒப்பிடும் முன் ஒரு சின்ன வேலை. எல்லாக் காப்பிகளிலும் ஒரே ஃபார்மேட்டரை ஓட்டி, வரி முடிவு, டேப், இடைவெளி எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கு. மூதாதை வடிவத்துக்கும் அதையே செய். இந்தச் சீரமைப்பைத் தனிக் கமிட்டாகப் போடு. ஒன்றுமில்லாத வேறுபாடுகள் திரையை நிறைப்பது அதோடு நின்றுவிடும்.

4. வேறுபாடுகளை நான்கு குவியலாகப் பிரி

இந்த வேலைக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடு. முழு முயற்சியின் பலன் இங்கேதான் தீர்மானமாகிறது. காப்பிகளுக்கு இடையே தெரியும் ஒவ்வொரு வேறுபாடும் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்:

- கடை உண்மையிலேயே கேட்டது. நகைக்கடைக்குச் செய்கூலி, சேதாரம். மருந்துக்கடைக்கு பேட்ச் எண், காலாவதித் தேதி.
- ஒரு காப்பியில் திருத்தி, மற்றவற்றில் விட்டுப்போன பக்.
- எழுதியவர் பழக்கத்தால் வந்தது. பெயர் வேறு, வரிசை வேறு, பலன் ஒன்று.
- யாரும் பயன்படுத்தாதது. எப்போதோ கேட்டு, பிறகு மறந்துபோன ரிப்போர்ட்.

முதல் குவியல் மட்டும்தான் ஃபீச்சராக வாழ வேண்டும். இரண்டாவது எல்லோருக்கும் பொதுவாகப் போக வேண்டும். மூன்றாவதில் நல்லதை வைத்துக்கொள். நான்காவதை நீக்கு.

கோடை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. ஒரு காப்பி ஒவ்வொரு பொருளுக்கும் பைசாவை முழுமையாக்குகிறது, இன்னொன்று பில் மொத்தத்தில் முழுமையாக்குகிறது என்று வை. கடைக்காரர் கேட்டதா, எழுதியவர் தன் இஷ்டத்துக்குச் செய்ததா? சப்போர்ட்டில் போன் எடுக்கும் அக்காவுக்கும், கடையில் பில் போடும் தம்பிக்கும்தான் தெரியும். அவர்களிடம் கேள். அவர்கள் சொன்னதைப் பதிலோடு, தேதியோடு குறித்து வை.

5. ஃபீச்சர் பட்டியலைக் கடைக்காரர் மொழியில் எழுது

1990-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் நிறுவனத்தில் கியோ காங்கும் அவர் குழுவினரும் ஃபீச்சர் மாடல் என்ற முறையை வகுத்தார்கள். ஒரு மரம் போலப் படம். எது கட்டாயம், எது விருப்பம், எதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும், எது வந்தால் எது கூடவே வர வேண்டும், எதுவும் எதுவும் சேரக்கூடாது என்று அதில் தெரியும். உனக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு எக்செல் தாள் போதும்: வரிசையில் ஃபீச்சர், நெடுவரிசையில் கடைகள்.

எழுதும்போது தொழில்நுட்பப் பெயரைத் தள்ளி வை. “எடை மூன்று தசமம்”, “ஹால்மார்க் எண் பில்லில்”, “காலாவதி நெருங்கினால் எச்சரிக்கை” என்று எழுது. தொடர்புகளையும் எழுது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் தங்க நகையை, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி எண் இல்லாமல் விற்க முடியாது. அந்த எண் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. ஆகவே எச்யூஐடி ஃபீச்சர் வந்தால், உருப்படி வாரியான ஸ்டாக் கணக்கும் கூடவே வந்தாக வேண்டும். மொத்தமாக எண்ணிக்கை மட்டும் வைத்திருக்கும் அமைப்பில் அது ஓடாது.

6. சட்டம் சொல்வதையும் கடை கேட்பதையும் கலக்காதே

நான் சொல்வதில் ஒன்றையாவது இம்மி பிசகாமல் கடைப்பிடிப்பாய் என்றால் இதையே எடுத்துக்கொள். சட்டம் சொல்வது எல்லாம் பொதுவான நடுப்பகுதி. அது ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கடை கேட்பது ஃபீச்சர். அது நடுப்பகுதியைத் தொடாமல் அதன் மேல் உட்கார வேண்டும்.

ஒவ்வொரு வேறுபாடும் எப்போது தீர்மானமாகிறது என்றும் பார்:

- சாஃப்ட்வேரைக் கடையில் நிறுவும்போது: இது நகைக்கடையா, மருந்துக்கடையா?
- ஆண்டு மாறும்போது: ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய வணிகர், மற்றொரு வணிகருக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் உள்ள விதி. இன்றைக்குச் சின்னதாக இருக்கும் கடை நாளைக்கு அந்தக் கோட்டைத் தாண்டும். அன்று நீ புது பில்ட் கொடுக்கும் நிலை வரக்கூடாது. செட்டிங்கைத் திறந்தால் போதும் என்று இருக்க வேண்டும்.
- பில் போடும் நொடியில்: மாநிலத்துக்குள் என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி. பல காப்பிகளில் இதைக் கடைக்கான வேறுபாடாகவே எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் அது பில்லுக்கு பில் மாறுவது.

வரி விகிதத்தை எண்ணாகக் கோடுக்குள் எழுதாதே. பொருள் வகை, விலை எல்லை, விகிதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று டேபிளில் வை. தேதி ஏன் என்றால், 2025 செப்டம்பர் 15-ல் விற்ற சட்டை அக்டோபரில் திரும்பி வந்தால், அதன் கிரெடிட் நோட்டில் பழைய பில்லின் வரிதான் வர வேண்டும். இன்றைய விகிதம் மட்டும் தெரிந்த சாஃப்ட்வேர் அங்கே தப்பு செய்யும்.

இன்னொன்று. சில விஷயங்களுக்குத் திறந்து மூடும் செட்டிங்கே வைக்கக்கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில், யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவு இருக்க வேண்டும். அதை அணைக்கவும் முடியக்கூடாது. ஒரு கடைக்காரர் கேட்டார் என்று அதற்கு ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்துவிடாதே.

7. பழைய பில்களே உன் சோதனைத் தாள்

இரண்டு காப்பிகளைச் சேர்க்கும் முன், ஒவ்வொன்றும் இன்று என்ன செய்கிறது என்பதைப் பிடித்து வை. பழைய கோடின் இன்றைய நடத்தையை அப்படியே பதிவு செய்யும் இந்தச் சோதனை முறையை மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-ல் வெளியான தன் புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். பில்லிங்கில் இது உனக்கு வரம். கடைகளின் அனுமதியோடு பழைய பில்களை எடு. வாடிக்கையாளர் பெயர், போன் எண்களை அழி. அதே பொருள், அதே தேதி, அதே தள்ளுபடியைப் புது சாஃப்ட்வேரில் ஓட்டு. பைசா பிசகாமல் அதே தொகை வர வேண்டும். மாறினால், ஏன் மாறியது என்று ஒரு வரியாவது எழுதிய பிறகே அதை ஏற்றுக்கொள்.

சாதாரண பில்லோடு நிறுத்தாதே. முனைகளில் இருப்பவற்றைத் தேடி எடு: ஒரே பில்லில் இரண்டு விகிதம், பாதி திரும்பிய பொருள், மாநிலம் தாண்டிய விற்பனை, ரத்தான பில். ஆடையில் இதைக் கட்டாயம் சோதி: 2,600 ரூபாய்ச் சட்டைக்கு 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் விற்பனை மதிப்பு 2,340, ஆகவே வரி 5 சதவீதம். தள்ளுபடிக்கு முந்தைய விலையைப் பார்த்து விகிதத்தை முடிவு செய்யும் காப்பி 18 போட்டுவிடும்.

8. புதிதாக எழுதலாம் என்ற ஆசையை அடக்கு

குழப்பமான கோடைப் பார்த்ததும், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதலாம் என்று தோன்றும். பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப் அப்படித்தான் செய்தது. 1997-ல் வந்த நான்காம் பதிப்புக்குப் பிறகு, புதிதாக எழுதிய ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது. ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. அதற்குள் சந்தை கைமாறிவிட்டது.

முதலிலிருந்து திட்டமிட்டு வென்றவர்களும் உண்டு. ஸ்வீடனின் செல்சியஸ்டெக் 1980-களின் நடுவில் போர்க்கப்பல்களுக்கான பெரிய ஒப்பந்தங்கள் ஒரே நேரத்தில் வந்தபோது, ஷிப் சிஸ்டம் 2000 என்ற ஒரே குடும்பமாகக் கட்டியது. செலவில் ஹார்டுவேருக்கு 35, சாஃப்ட்வேருக்கு 65 என்று இருந்த விகிதம் 80-க்கு 20 என்று திரும்பியது. ஆனால் அதற்கு நிறுவனத்தையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. பலனுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கவும் முடிந்தது. உன் கம்பெனிக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

உனக்கு ஏற்ற முன்மாதிரி டென்மார்க்கின் டான்ஃபாஸ். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளின் சாஃப்ட்வேரை, இருக்கும் கோடிலிருந்தே, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்றாக்கினார்கள். அந்த அனுபவத்தை 2007-ல் எழுதி வெளியிட்டார்கள். பத்தாண்டு அனுபவம் என்று 2016-லும் எழுதினார்கள்.

ஆகவே, ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கும் இரண்டு காப்பிகளை எடு. சேர். அந்த இரண்டு கடைகளிலும் ஓடவிடு. பிறகு மூன்றாவது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சேர்க்காதே. இப்படிப்பட்ட முயற்சி சுமார் மூன்று சாஃப்ட்வேர்களைத் தாண்டும்போது போட்ட செலவைத் திருப்பித் தரத் தொடங்கும் என்பது இந்தத் துறையில் பலரும் சொல்லும் கணக்கு.

9. கோடுக்குள் கடையின் பெயர் வரக்கூடாது; ஸ்விட்சும் பெருகக்கூடாது

சேர்க்கும் வேகத்தில், “கடை எண் 17 என்றால் இப்படிச் செய்” என்று எழுதக் கை போகும். எழுதாதே. அப்படி எழுதினால் காப்பிகள் ஃபோல்டரிலிருந்து கோடுக்குள் குடிபுகுந்ததாகத்தான் அர்த்தம். கடை எண் 17 கேட்டது என்ன? பில்லில் முகவர் பெயர். அப்படியானால் ஸ்விட்சின் பெயர் “பில்லில் முகவர் பெயர்”. நாளைக்கு இன்னொரு கடை கேட்டால் திறந்துவிடலாம்.

ஸ்விட்சுகளுக்கும் அளவு வேண்டும். ஒன்றையொன்று சாராத 33 ஸ்விட்சுகள் இருந்தால் 858 கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் வரும். உலகில் அத்தனை மனிதர்கள் இல்லை. எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. கடைகளில் உண்மையில் ஓடும் சேர்க்கைகளை முழுதாகச் சோதி. மற்றவற்றில், எந்த இரண்டு ஸ்விட்சும் எல்லா நிலைகளிலும் ஒரு முறையாவது சந்திக்கும்படி சோதனைகளை அமை. அதற்குச் சில பத்து சோதனைகளே தாராளம். லினக்ஸ் கெர்னலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகள் உண்டு. எது எதைச் சார்ந்தது என்று கேகான்ஃபிக் ஃபைல்களில் எழுதி வைத்திருப்பதால்தான் அது தாங்குகிறது.

பயன் முடிந்த ஸ்விட்சை அன்றே நீக்கு. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத கோடை நீக்காமல் வைத்திருந்தது. அதை இயக்கிய பழைய ஸ்விட்சைப் புது ஃபீச்சருக்கு எடுத்துக்கொண்டது. 2012 ஆகஸ்ட் 1 அன்று எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதுக் கோடு போகவில்லை. அங்கே அந்தப் பழைய கோடு உயிர்பெற்றது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் போனது. பழைய ஸ்விட்சின் பெயருக்குப் புது வேலை கொடுக்காதே.

10. பொதுவாக்கும் முன், அந்தக் கோடு எதை நம்பியிருக்கிறது என்று கேள்

ஏரியன் 4 ராக்கெட்டில் நன்றாக வேலை செய்த வழிகாட்டி சாஃப்ட்வேரை ஏரியன் 5-க்கு அப்படியே எடுத்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட விரைவாக ஏறியது. 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் அடக்கும்போது கொள்ளவில்லை. 1996 ஜூன் 4 அன்று, இயங்கத் தொடங்கிய சுமார் 40 வினாடியில் ராக்கெட் வெடித்தது. பிழை நடந்த அந்தப் பகுதிக்கு, ஏரியன் 5 கிளம்பிய பிறகு வேலையே கிடையாது. பழைய ராக்கெட்டுக்குத் தேவைப்பட்டது என்பதால் கூடவே வந்திருந்தது.

உன் கோடிலும் இப்படி நம்பிக்கைகள் ஒளிந்திருக்கும். ஜவுளிக்கடைக் காப்பியில் அளவு முழு எண். நகைக்கடையில் கிராமுக்குக் கீழே மூன்று தசமம். மருந்துக்கடையில் ஒரு பட்டை வாங்கி இரண்டு மாத்திரை மட்டும் கிழித்துக் கொடுப்பார்கள். ஸ்டாக் மாட்யூலைப் பொதுவாக்கும் முன் அலகு, தசமம், அதிகபட்ச எண், எதிர்மறை எண் வரலாமா என்பதை எல்லாம் எழுது. எழுதியதைக் கோடே சரிபார்க்கும்படி செய். பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக வைத்திருக்கும் காப்பி இருந்தால், சேர்க்கும்போதே தசம வகைக்கு மாற்று.

11. டேட்டாபேஸையும் காலண்டரையும் மதி

கோடைவிட டேட்டா பிடிவாதமானது. இரண்டு காப்பிகளில் “டிஸ்கவுண்ட்” என்று ஒரே பெயரில் நெடுவரிசை இருக்கும். ஒன்றில் அது சதவீதம், மற்றொன்றில் ரூபாய். பெயரைப் பார்த்துச் சேர்த்தால் பழைய கணக்கெல்லாம் கெடும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள் எழுதி, மாற்றும் ஸ்கிரிப்டைக் கடையின் டேட்டா நகலில் ஓட்டி, மாற்றத்துக்கு முந்தைய மாத மொத்த விற்பனையும் வரியும் பிந்தையதோடு பொருந்துகின்றனவா என்று பார். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதைத் திரும்ப ஏற்றிப் பார்.

பில் எண் வரிசை ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக, திரும்ப வராமல், 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. ஆண்டின் நடுவில் மாற்றினால், புது சாஃப்ட்வேர் பழைய எண் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

நாள் பார்த்து மாற்று. நகைக்கடையை அட்சய திருதியை வாரத்தில் தொடாதே. ஜவுளிக்கடையைத் தீபாவளி முடியும்வரை விடு. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20-ஆம் தேதி 3பி; அந்த நாட்களை ஒட்டி எதையும் மாற்றாதே. மார்ச் கடைசியும் வேண்டாம். கடை ஒன்றுக்கு மட்டும் முதலில் போட்டு, அதே இரவு பழையதற்குத் திரும்பும் வழியையும் கையில் வைத்துக்கொள்.

12. ஆளும் பணமும் முடிவாகாமல் கோடு ஒன்றாகாது

ஒன்றாக்கிய கோடு மறுபடி பிரிவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். நடுப்பகுதிக்கு ஒருவர் பொறுப்பு என்று பெயர் சொல்லி முடிவு செய். எந்தத் திருத்தமும் முதலில் நடுப்பகுதிக்கு. பிறகு ரிலீஸாகக் கடைகளுக்கு. ஒரு கடைக்கு அவசரமாகத் தனித் திருத்தம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கொடு. அதை நடுப்பகுதியில் சேர்க்கும் தேதியை அப்போதே எழுதி வை.

“எனக்கு மட்டும்” என்று கேட்கும் வேலைக்குத் தனி விலை வைக்கச் சொல்லி முதலாளியிடம் பேசு. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்துக்குள் அதை இலவசமாகச் செய்தால், காப்பிகளுக்கு நீங்களே பணம் கொடுத்து வளர்ப்பது போலாகும். முதலாளியிடம் கட்டிடக்கலை, அடுக்கு என்று பேசாதே. கடந்த ஓராண்டில் ஒரே பக்கை எத்தனை காப்பிகளில் திருத்தினீர்கள், எத்தனை மணி நேரம் போனது, எந்தக் கடைக்குத் திருத்தம் போகாமல் புகார் வந்தது என்று சப்போர்ட் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டு. அவருக்குப் புரியும் மொழி அதுதான்.

எல்லாக் காப்பியையும் சேர்த்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சாஃப்ட்வேரை மாற்றப்போவதாகச் சொல்லிவிட்ட கடை, சமையலறைக்குத் தனி ஆர்டர் சீட்டு போகும் ஓட்டல் போல அடிப்படையே வேறான தொழில், இவற்றைத் தனியாகவே விடு. சேர்த்தால் நடுப்பகுதிதான் கனக்கும். எதைச் சேர்க்கவில்லை, ஏன் என்று எழுதி வைத்தால் போதும்.

இந்த வேலையைச் செய்து முடித்தால் யாரும் மாலை போட மாட்டார்கள், தங்கச்சி. வரி மாறும் இரவில் உன் குழு நேரத்துக்கு வீட்டுக்குப் போகும். காலையில் கடை திறப்பவர் பயமில்லாமல் முதல் பில்லைப் போடுவார். அதற்காகவே இது செய்யத் தகுந்த வேலை. இந்த வாரமே இரண்டாவது டிப்ஸில் சொன்ன பட்டியலைத் தொடங்கு. பட்டியல் முடியும் முன், ஒன்றாக்கும் வேலைக்காக ஒரு வரி கோடைக்கூடத் தொடாதே.